மேலிருந்து எண்ணினால், கீழிருந்து எண்ணினால்

கண்ணாடிக்காரருக்கு நாற்பத்தாறு வயது வரைக்கும் தன் முதுகில் எத்தனை எலும்பு இருக்கிறது என்று தெரியாது. தெரியாமலே கல்யாணம் செய்துகொண்டார், ஒரு பெண்ணைப் பெற்று வளர்த்து மேல்படிப்புக்கு வெளியூர் அனுப்பினார், ஊரில் பாதி ஜன்னல்களுக்குக் கண்ணாடி வெட்டிப் பொருத்தினார். எண்ணிப் பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. முதுகும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் திறந்தது. ஆளுயரக் கண்ணாடி ஒன்றை வண்டியிலிருந்து இறக்கும்போது இடுப்பில் சுருக்கென்று எதுவோ பிடித்து, இடது தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்கால் வழியே கட்டைவிரல் வரை மின்சாரம் மாதிரி ஓடியது. அந்த நிலையிலும் கண்ணாடியை உடைக்காமல் சுவரில் சாய்த்துவிட்டுத்தான் தரையில் உட்கார்ந்தார். தொழில் அப்படி.

தெருமுனை டாக்டர் அவரைக் குதிகாலில் நிற்கச் சொன்னார், படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார். "டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருக்கும். ஒரு ஆறு வாரம் பாப்போம், பெரும்பாலும் தானா அடங்கிடும். நடுவுல காலு வலுவில்லாமப் போனாலோ, உக்கார்ற இடம் மரத்துப்போனாலோ, ஒண்ணுக்குப் போறதுல சிக்கல் வந்தாலோ, ஒரு நிமிஷம் தாமதிக்காம ஓடி வந்துடுங்க" என்றார். இதைச் சொல்ல அவருக்கு எட்டு நிமிடம் ஆயிற்று. ஸ்கேன் எதுவும் எழுதித் தரவில்லை.

அதுதான் தப்பாகப் போயிற்று. மனைவியின் அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. "சும்மா இருந்தா சரியாயிடும்னு சொல்ல டாக்டர் எதுக்கு? அதை நானே சொல்லுவேனே! மாப்பிள்ளை, நாளைக்குக் காலு நொண்டியாப் போச்சேன்னு உக்காந்து அழாதீங்க" என்றார். மூன்றாம் வாரம் மனைவியும் அவள் அண்ணனும் அவரைக் காரின் முன்சீட்டில் சாய்த்துவைத்து, இடுப்பு முதுகெலும்பு உயர்சிகிச்சை மையத்துக்குக் கொண்டுபோனார்கள்.

அது இடுப்புப் பகுதி முதுகெலும்புக்கு மட்டுமே ஆன மையம். கழுத்து வலி என்று வந்தவர்களை வாசலிலேயே அடுத்த தெருவுக்குக் கைகாட்டி அனுப்பிவிடுவார்கள். வரவேற்பறையில் கூரை உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் முதுகெலும்பு நின்றது. அதன் கீழே, வலிக்காரர்கள் யாரும் உட்கார முடியாத மாதிரியான நாற்காலிகள்.

ஸ்கேன் எடுத்து, அங்கேயே அட்மிட் செய்துவிட்டார்கள். அறிக்கையில் இரண்டு வரி. முதல் வரி: நான்காவது எலும்புக்கும் ஐந்தாவது எலும்புக்கும் இடையில் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது. இரண்டாவது வரி: இந்த நோயாளிக்கு இடுப்புப் பகுதியில் ஐந்துக்குப் பதிலாக ஆறு எலும்புகள் உள்ளன. நூற்றில் சிலருக்கு இப்படி இருப்பதுண்டு, அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. இதை எழுதிய ஸ்கேன் டாக்டர் மறுநாளே நீண்ட விடுப்பில் போய்விட்டார். அவர் விவரமான மனிதர் என்று பின்னால் தெரிந்தது.

ஏனென்றால் அந்த மையத்தில் எலும்புகளை எண்ணுவதற்கு இரண்டு வழிகள் இருந்தன. பெரிய டாக்டர்களில் ஒருவர் விலா எலும்பு முடியும் இடத்தில் தொடங்கி மேலிருந்து கீழே எண்ணுவார். நோயாளிகள் அவருக்கு வைத்த பெயர் மேல் டாக்டர். இன்னொருவர் இடுப்புக் கூட்டிலிருந்து தொடங்கி, கடைசி எலும்பை ஐந்து என்று வைத்துக்கொண்டு மேலே எண்ணிக்கொண்டு போவார். அவர் கீழ் டாக்டர். ஐந்து எலும்பு உள்ளவர்களிடம் இருவருக்கும் ஒரே விடைதான் வரும். அதனால் பதினான்கு வருடமாக இருவரும் ஒரே காண்டீனில் காபி குடித்து வந்தார்கள். கண்ணாடிக்காரர் ஆறு எலும்போடு வந்து சேர்ந்தார்.

"குப்புறப் படுங்க" என்றார் மேல் டாக்டர்.

படுத்தார். குளிர்ந்த விரல் ஒன்று முதுகில் நடந்தது. "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. இங்கதான்." நீல மார்க்கரால் ஒரு அம்புக்குறி விழுந்தது. அம்புக்குறியின் பக்கத்தில் அவர் கையெழுத்தும் போட்டார். இந்த மையத்தில் முடிவுகளைக் காகிதத்தில் எழுதுவதில்லை. காகிதம் தொலைந்துபோகும், முதுகு தொலையாது.

அரை மணி கழித்துக் கீழ் டாக்டர் வந்தார். அவருடைய விரல் இன்னும் குளிர்ச்சியாக இருந்தது. "அஞ்சு, நாலு. இங்க." பச்சை மார்க்கர். கையெழுத்து. பிறகு நீல அம்பைப் பார்த்தார்.

"யாரு போட்டது இது?"

"பெரிய டாக்டர், சார்" என்றார் கண்ணாடிக்காரர், தலையணையில் புதைந்த முகத்தோடு.

"பெரிய டாக்டர் நான்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார் அவர்.

சாயங்காலம் மனைவி வந்தாள். அவள் பாலர் பள்ளி ஆசிரியை. நாள் முழுக்க நாலு வயதுக் குழந்தைகளுக்கு மணி கோத்து எண்ணச் சொல்லித்தருகிறவள். சட்டையைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்னம்மா போட்டிருக்கு?"

"ஒண்ணுமில்லைங்க. ரெண்டு அம்புக்குறி."

"ரெண்டும் ஒரே இடத்தைத்தானே காட்டுது?"

அவள் சட்டையை இறக்கிவிட்டாள். "நீங்க சாப்டீங்களா?"

இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் கேட்ட கேள்விக்கு அவள் பதில் சொல்லாதது மிகக் குறைவு. அப்படி நடந்தபோதெல்லாம் விஷயம் பெரிதாகத்தான் இருந்திருக்கிறது.

"ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னாவது சொல்லு."

"மூணு விரல்க்கடை."

மூன்று விரல்க்கடை என்றால் என்ன என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? அவர் ஒரு கோடு போட்டால் ஒரு நூல்கூட விலகாது. "கண்ணாடியில தப்பா வெட்டினா, அதைச் சின்ன ஜன்னலுக்கு வெச்சுக்கலாம். என்னைத் தப்பா வெட்டினா எதுக்கு வெச்சுக்கறது?" என்றார். சிரிப்பதற்காகச் சொன்னார். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. அவள் அவருடைய இடது காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, கெண்டைக்காலை நீவிவிட்டபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் மேல் டாக்டர் ஆறு பேரோடு வந்தார். அதற்கடுத்த நாள் கீழ் டாக்டர் எட்டுப் பேரோடு வந்தார். வந்தவர்கள் எல்லோரும் முதுகில் எண்ணிப்பார்த்து, தாங்கள் எந்தப் பக்கம் என்பதை அந்தந்த வண்ணத்தில் எழுதிவிட்டுப் போனார்கள். வாரக் கடைசியில் நீலத்துக்கு ஒன்பது கையெழுத்து, பச்சைக்குப் பதினொன்று. குளிக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. கையெழுத்து அழிந்துவிடும்.

ஒருநாள் மனைவி கீழ் டாக்டரை வராந்தாவில் மடக்கினாள். "சார், தப்பா நினைக்காதீங்க. எத்தனாவதா இருந்தா என்ன? படத்துல எது பிதுங்கியிருக்குதோ, அதை விரலை வெச்சுக் காட்டினா முடிஞ்சு போச்சில்லையா?"

டாக்டர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "அம்மா, படம் பாக்கறது வேற துறை. அந்த டாக்டர் லீவுல இருக்கார். நாங்க எண்ணுவோம். அறிக்கையில நாலு-அஞ்சுன்னு இருக்கு. நாலு-அஞ்சு எங்க இருக்கோ அங்கதான் நான் அறுப்பேன். அங்க ஒண்ணுமே இல்லைன்னாலும், என் எண்ணிக்கை சரியா இருக்கும். முப்பது வருஷத்துல என் எண்ணிக்கையை ஒருத்தரும் குறை சொன்னதில்லை."

"வலியைக் குறை சொன்னாங்களா, சார்?"

"வலிங்கறது நோயாளியோட அபிப்பிராயம்மா. அதுக்கெல்லாம் மதிப்புக் குடுத்தா மையம் நடத்த முடியாது."

இந்த மாதிரி பத்து நாள் போயிற்று. பதினோராம் நாள் காலையில் ஒரு விபரீதம் நடந்தது. கண்ணாடிக்காரர் தூங்கி எழுந்து, காலைக் கீழே வைத்து, பாத்ரூம் வரைக்கும் நடந்து, திரும்பி வந்து படுத்த பிறகுதான் கவனித்தார். மின்சாரம் ஓடவில்லை. இடுப்பில் லேசாக ஒரு இறுக்கம், அவ்வளவுதான். சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ரவுண்ட்ஸ் வந்த மேல் டாக்டரிடம் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார்.

"சார், வலி ரொம்பக் குறைஞ்சிருக்கு."

மேல் டாக்டரின் முகம் மாறியது. கூட வந்த ஆறு பேரின் முகமும் அதே அளவுக்கு மாறியது.

"குறைஞ்சிருக்கா? எப்பலேர்ந்து?"

"இன்னிக்குக் காலையிலேர்ந்து, சார்."

"நரம்பு செத்துக்கிட்டிருக்கு" என்றார் டாக்டர், அவருடைய காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல். "உயிரோட இருக்கற நரம்புதான் வலிக்கும். இனிமே தாமதிக்கக் கூடாது. ஆபரேஷனை வெள்ளிக்கிழமைக்கு மாத்துங்க." போகும்போது அன்போடு தோளைத் தட்டினார். "நல்ல வேளை, சொன்னீங்க."

அன்று மத்தியானம் முழுக்கக் கண்ணாடிக்காரர் போர்வைக்குள் கால் கட்டைவிரலைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். நன்றாகத்தான் தூக்கியது. செத்துக்கொண்டிருக்கும் நரம்பு இவ்வளவு நன்றாகத் தூக்குமா? தூக்குவதே சாவதற்கான அறிகுறியோ? தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா என்று தொடையைக் கிள்ளினார். வலித்தது. வலித்ததில் ஒரு நிம்மதி, ஆனால் வலிக்கிறது என்று சொன்னால் ஆபரேஷன். வலிக்கவில்லை என்று சொன்னால் அவசர ஆபரேஷன்.

மறுநாளிலிருந்து அவர் முனக ஆரம்பித்தார். டாக்டர்கள் வரும் சத்தம் கேட்டால் மிதமாக முனகுவார். அதிகம் முனகினாலும் ஆபத்து, குறைவாக முனகினாலும் ஆபத்து. பக்கத்துக் கட்டில்காரர், கால் டாக்ஸி ஓட்டுகிறவர், பாராட்டினார். "நேத்தைவிட இன்னிக்கு இயல்பா இருக்கு அண்ணே. கடைசில கொஞ்சம் இழுவையைக் குறைங்க." மனைவி இதைக் கேட்டுப் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

"வீட்டுக்குப் போயிடலாங்க" என்றாள் குனிந்து, காதோரமாக.

"போறதுக்கு ரெண்டு பெரிய டாக்டரும் கையெழுத்துப் போடணுமாம்."

"போடட்டுமே."

"எங்க போடுவாங்க? முதுகுல இடமில்லையாமே."

வியாழக்கிழமை மையத்தின் இயக்குநர் சமரசக் கூட்டம் கூட்டினார். நோயாளியும் தேவை என்பதால் அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டுபோய், மேடையில் பார்வையாளர்களுக்கு முதுகு காட்டி உட்கார வைத்தார்கள். இயக்குநரின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. குரல் மட்டும் பின்னாலிருந்து வந்தது. கண்ணாடிக்காரரின் வேலை, சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்ப்பது.

"நண்பர்களே" என்றது குரல். "நம் மையம் தொடங்கிப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. நம்மிடம் வந்த ஒரு முதுகைக்கூட நாம் திறக்காமல் திருப்பி அனுப்பியதில்லை. இந்தப் பெருமைக்கு இன்று ஒரு சோதனை. ஒரு தனிமனிதர், தன்னுடைய ஒரே ஒரு அதிகப்படி எலும்பால், நம்மை இரண்டாகப் பிரித்துவிட்டார். அவரை நான் குற்றம் சொல்லவில்லை. அவர் பிறந்தபோது இந்த மையம் இருந்திருக்கவில்லை. மேலிருந்து எண்ணுவது சரியா, கீழிருந்து எண்ணுவது சரியா? இரண்டும் சரி என்பதே என் முடிவு. ஒரு பக்கம் மட்டும் அறுத்தால் இன்னொரு பக்கத்தின் மனம் புண்படும். மூத்த மருத்துவர்களின் மனத்தைப் புண்படுத்துவதைவிட ஒரு முதுகை இரண்டு இடத்தில் புண்படுத்துவது மேல். ஆகவே, இரண்டு இடத்திலும்."

கைதட்டல் எழுந்தது. கண்ணாடிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு பத்து. இரண்டு பெரிய டாக்டர்களும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று மனைவி பின்னால் சொன்னாள். பிறகு யாரோ வந்து நீல அம்பையும் பச்சை அம்பையும் ஒரு சிவப்புக் கோட்டால் இணைத்தார்கள். அந்த ஈரமான கோடு முதுகில் இறங்குவதை அவர் உணர்ந்தார். ஒரு கோடு போட்டுவிட்டால் அடுத்தது என்ன என்று அவருக்குத் தெரியும். கோட்டுக்கு அடுத்தது வெட்டுதான்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்குத் தியேட்டருக்குள் தள்ளினார்கள். வாசல் வரை மனைவி கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். "பயப்படாதீங்க" என்றாள். அவளுடைய கைதான் சில்லென்று இருந்தது. கதவு மூடியது.

உள்ளே பெரிய விளக்கு. மேல் டாக்டரும் கீழ் டாக்டரும் கையுறை மாட்டிக்கொண்டு எதிரெதிரே நின்றார்கள். மயக்க மருந்து டாக்டர் ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார். அப்போது ஒரு சிஸ்டர் அட்டையில் செருகிய தாளோடு வந்து தலைமாட்டில் நின்றாள். ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிவிட்டிருந்தாள். அறுவைக்கு முன்னால் நிரப்ப வேண்டிய தாள் அது. ஒருமுறை தேதி எழுதும் கட்டம் காலியாக இருந்ததற்காக இயக்குநரையே இரண்டு மணி நேரம் வெளியில் நிற்க வைத்தவள் என்று தியேட்டரில் எல்லோருக்கும் தெரியும். கண்ணாடிக்காரருக்குத் தெரியாது. அவருக்கு அவளும் இன்னொரு முகமூடி, அவ்வளவுதான்.

"பேர், வயசு சொல்லுங்க."

சொன்னார்.

"இடது கால் கட்டைவிரலை மேல தூக்குங்க. நான் அமுக்குவேன், விட்டுக்குடுக்காம தூக்கணும்."

தூக்கினார். அவள் அமுக்கினாள். விரல் தாழவில்லை.

"உக்கார்ற இடத்துல மரமரப்பு இருக்கா? ஒண்ணுக்கு நல்லாப் போறீங்களா?"

"மரமரப்பெல்லாம் இல்லை, சிஸ்டர். நல்லாப் போறேன்."

"சரி. எங்க வலிக்குது? ஒண்ணுமில்லைன்னா பூஜ்யம், தாங்கவே முடியலைன்னா பத்து. எத்தனை?"

பதினெட்டு நாளில் இந்தக் கேள்வியை இந்தக் கட்டடத்தில் யாரும் அவரிடம் கேட்டதில்லை. முனகலாமா என்று ஒரு கணம் யோசித்தார். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்தப் பெண் பேனாவை வைத்துக்கொண்டு பதிலுக்காகக் காத்திருந்தாள். இங்கே ஒருவர் அவருடைய பதிலுக்காகக் காத்திருப்பது அவருக்குப் புதிதாக இருந்தது. உள்ளதைச் சொன்னார்.

"பூஜ்யம், சிஸ்டர்."

"பூஜ்யம்" என்று எழுதினாள். அடுத்த வரிக்குப் போனாள். போனவள் நின்றுவிட்டாள். "டாக்டர், அறுவைக்கான காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன எழுத?"

"நாலு-அஞ்சு" என்றார் மேல் டாக்டர்.

"அது இடம், டாக்டர். காரணம் கேக்குது."

"படத்துல பிதுங்கல் இருக்கே!" என்றார் கீழ் டாக்டர்.

"அது படத்துக்கான கட்டத்துல எழுதியாச்சு. நோயாளிக்கு என்ன கஷ்டம்னு கேக்குது. வலி பூஜ்யம், பலம் முழுசு, மரமரப்பு இல்லை."

"நேத்துக் கூட்டத்துல முடிவு பண்ணிட்டாங்க. அதையே எழுதுங்களேன்" என்றார் மேல் டாக்டர்.

"அது முடிவு, டாக்டர். காரணம் இல்லை."

இரண்டு டாக்டர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பதினெட்டு நாளில் முதல்தடவையாக இருவருக்கும் ஒரே மாதிரி முகம். இயக்குநருக்குப் போன் போட்டார்கள். ஸ்பீக்கரில் அவர் குரல் விளக்குக்கு மேலிருந்து வருகிற மாதிரி கேட்டது.

"கட்டம் காலியா இருந்தா என்ன, அந்தக் கட்டத்தையே எடுத்துடுங்க!"

"எடுக்கலாம், சார்" என்றாள் சிஸ்டர். "படிவக் குழு கூடணும். அடுத்த மாசம் மூணாம் தேதி கூடுது."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் காலிக் கட்டத்தோட யாரையும் நான் உள்ளே விட மாட்டேன். அதுவும் நீங்க போட்ட விதிதான், சார்."

ஸ்பீக்கர் வெகுநேரம் மூச்சுவிட்டது. பிறகு, "அந்த ஆளை மூணாம் தேதி வரைக்கும் எங்கேயாவது வெச்சிருங்க" என்றது.

எங்கே வைப்பது என்பதற்கும் தாளில் கட்டம் இல்லாததால், வீட்டில் வைப்பது என்று முடிவாயிற்று. சிஸ்டர் அவர் இறங்குவதற்குக் கை கொடுத்தாள். குரலைத் தாழ்த்தி, "தினமும் நடங்க. பாரம் தூக்கும்போது பாத்துத் தூக்குங்க. காலு வலுவிழந்தா மட்டும் உடனே எங்கேயாவது ஓடுங்க. இங்க வேணாம்" என்றாள்.

வெளியே மனைவி பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். நடந்து வந்தவரைப் பார்த்ததும் எழுந்தாள். அவர் முதுகைத் தடவினாள், மேலும் கீழும், கட்டு எங்கேயும் இல்லை என்று கைக்குத் தெரியும் வரைக்கும். பிறகு அவர் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டாள். "உசிரு போயிடுச்சு எனக்கு!"

டிஸ்சார்ஜ் தாளில் எழுதியிருந்தார்கள்: "நோயாளி, மையத்தின் ஒத்துழைப்பின்றிக் குணமடைந்துள்ளார். காரணம் விசாரணையில் உள்ளது."

மெயின் கேட்டில் காவலாளி தாளை வாங்கி ஒரு பெரிய நோட்டோடு ஒப்பிட்டார். தலையைச் சொறிந்தார். மறுபடி ஒப்பிட்டார்.

"ஒரு நிமிஷம் நில்லுங்க, சார். அட்மிஷன்ல இடுப்பெலும்பு அஞ்சுன்னு இருக்கு."

"அது அச்சடிச்ச ஃபாரம்ப்பா. எல்லாருக்கும் அஞ்சுதான் போட்டிருக்கும்."

"அது எனக்குத் தெரியாது, சார். உள்ள வரும்போது அஞ்சு. வெளிய போற தாள்ல ஆறு. ஒண்ணு கூடுதலா எடுத்துக்கிட்டுப் போறீங்க. கேட் பாஸ் இருக்கா?"

கண்ணாடிக்காரர் திரும்பிப் பார்த்தார். பின்னால், வராந்தாவின் கடைசியில், பச்சை மார்க்கரும் நீல மார்க்கருமாய்ச் சிலர் வருவது தெரிந்தது. திரும்பி உள்ளே போக வேண்டியதுதானா? அவர் மனைவியைப் பார்த்தார். அவள் பாலர் வகுப்பில் அடம்பிடிக்கும் குழந்தையிடம் பேசும் குரலை எடுத்தாள்.

"அண்ணே, அந்த ஆறாவது ஆஸ்பத்திரிச் சாமான் இல்லை. கல்யாணத்துல எங்க வீட்டுல போட்டது."

காவலாளி முகம் தெளிந்தது. "அப்படிச் சொல்லுங்க! சொந்தப் பொருளா?" நோட்டைப் புரட்டி, நிதானமாக எழுதினார். பொருள்: எலும்பு. எண்ணிக்கை: ஒன்று. உரிமை: மனைவி. "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா. காகிதத்துலயே போடலாம்."

போட்டாள். கேட் திறந்தது. இருவரும் சாலையில் இறங்கினார்கள்.

"திரும்பிப் பாக்காதீங்க. நேரா நடங்க" என்றாள் அவள், அவர் கையைப் பிடித்துக்கொண்டு.

நேராக நடந்தார். எத்தனையோ வாரம் கழித்து, ஒரு சுருக்கும் இல்லாமல், நிமிர்ந்து நடந்தார். இருபது அடி போன பிறகு, இவ்வளவு நேராக நடப்பதை யாராவது மாடி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்று தோன்றியது. தெரு திரும்பும் வரைக்கும் கொஞ்சம் நொண்டிக்கொண்டே போனார்.